வாடகைக்குப் போன முகம்

அத்தியாயம் பதினேழு

"பேசும்போது கண்ணாடியைக் கழட்டிடுங்க. கண்ணு தெரிஞ்சாத்தான் ஜனம் நம்பும்" என்றாள் திருநேஷ், கணவனின் தோளில் வெள்ளைச் சால்வையை இழுத்துவிட்டபடி.

"கண்ணாடி இல்லேன்னா எதிர்ல யாரு உக்காந்திருக்காங்கன்னே தெரியாதேடி."

"இன்னிக்கு அது இன்னும் நல்லதுதான்."

அக்லிலு சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையிலா இருந்தார்? இன்று ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் கூடத்தில் பேச வேண்டும். நாளை காலை கோர்ட்டில் சத்தியம் செய்து அதையே சொல்ல வேண்டும். இரண்டு இடத்திலும் சொல்லப்போவது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்று அந்த வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

விட்டுப் படித்தவர்களுக்காக அந்த மீதிப் பாதியைச் சொல்லிவிடுகிறேன்.

அக்லிலுவை முதுகுவலி ஈஸ்டருக்கு முன்பே மடக்கிப் போட்டுவிட்டது. ஸ்டியரிங் முன்னால் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே சமயம் திருநேஷின் தம்பி பெரெகெத்தை, இருவரும் ஓட்டிவந்த வாடகைக் கார் ஆப் கம்பெனி தூக்கி எறிந்தது. குடித்துவிட்டு வண்டி முழுக்க வாந்தி எடுத்த ஒரு பயணி, சுத்தம் செய்யக் காசு கேட்டதும், 'டிரைவர்தான் குடித்திருந்தான்' என்று புகார் எழுதிவிட்டான். பண்டிகை நாளில்கூட வெறும் தண்ணீர் மட்டும் குடிக்கிற பையன் பெரெகெத். அவன் பேச்சைக் கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை. ஒரு இமெயில் வந்தது, கதவு மூடியது.

"உங்க அக்கவுண்ட் சும்மாதானே கெடக்கு? என் தம்பி ஓட்டட்டுமே" என்றாள் திருநேஷ். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. சரி என்றார்.

ஊருக்கு என்ன சொன்னார்கள்? பெரெகெத் அக்லிலுவின் வண்டியில் பார்சல் போடுகிறான் என்று. மகள் மெக்லித்துக்கும் அதேதான்.

ஆனால் ஆப் லேசுப்பட்டதா? ஓட்டுவது நீதானா என்று நடுநடுவே முகம் கேட்கும். கேட்டதும் பெரெகெத் எங்கே இருந்தாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடி வருவான். அக்லிலு படுக்கையில் இருந்தபடி முகம் கொடுத்திருக்கிறார். குளியலறைக் கதவைப் பாதி திறந்து முகம் கொடுத்திருக்கிறார். ஒருமுறை கோழிக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே கொடுத்தார், மீசையில் குழம்போடு.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் நகர சபை அந்தச் சட்டத்தைப் போட்டது. வாடகை வண்டி ஓட்டுநர்கள் சங்கம் வைக்கலாமா என்று அவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம். அதற்காக, சமீபத்தில் வண்டி ஓட்டியவர்களின் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாவற்றையும் கம்பெனி சங்கத்திடம் கொடுக்க வேண்டும். கம்பெனி அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனது.

சங்கத்துக்காக, அடிஸ் அபாபாவில் இருந்து வந்து இந்த ஊரில் பிழைக்கும் எங்கள் ஆட்கள் நடுவே அலைந்தது ஸெவ்து. அக்லிலு இந்த ஊரில் வந்து இறங்கிய நாள் விமான நிலையத்துக்கு, அவர் குளிருக்குப் போட்டுக்கொள்ள ஒரு கோட்டோடு வந்து நின்ற ஸெவ்து. மெக்லித்தின் ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்திய ஞானத் தகப்பன். அந்தப் பட்டியல் முதலில் போகப்போவது அவர் கைக்குத்தான். ஸ்டியரிங் முன்னால் உட்காரவே முடியாத அக்லிலுவின் பெயர், சமீபத்தில் வண்டி ஓட்டியவர்கள் வரிசையில் இருப்பதை அவர் பார்க்காமலா இருப்பார்?

அதனால்தான், 'பட்டியல் கொடுப்பதை எதிர்க்கும் ஓட்டுநர் யாராவது கோர்ட்டில் பேச வருவீர்களா?' என்று கம்பெனி கேட்டபோது, அக்லிலு கையைத் தூக்கினார். யாரும் எதிர்பார்க்கவில்லை. அவரே எதிர்பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"அப்பா, ரெடியா? நான் முன்னாடி வரிசையில உக்காரப் போறேன்" என்று மெக்லித் வாசலில் இருந்து கத்தினாள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் ஜெயிக்கிற பெண். அப்பா பேசப் போகிறார் என்று ஒரு வாரமாக அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அக்லிலு கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

* * *

எங்கள் ஆட்களிடம் மைக்கைக் கொடுத்தால் திரும்ப வாங்குவது கஷ்டம். ஆனால் அன்று அக்லிலு மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசாமலேயே நின்றார். கூடம் நிறைய வெள்ளைச் சால்வைகள். பின்வரிசையில் யாரோ, "முதுகு வலின்னா உக்காந்து பேசுய்யா!" என்றார். சிரிப்பு எழுந்தது.

எழுதிக்கொண்டு வந்ததைப் பேசினால் போதும் என்றுதான் வந்தார். என் விலாசம் என் சொந்த விஷயம், முன்பின் தெரியாதவர்கள் கதவைத் தட்டக் கூடாது, அவ்வளவுதான். அதைச் சொன்னார். கூடம் கொட்டாவி விட்டது. ஸெவ்து முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, 'இவ்வளவுதானா?' என்பதுபோல் பார்த்தார்.

அப்போதுதான் அக்லிலு அதைச் செய்தார்.

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். அவன் பேரு தமிரு" என்றார்.

திருநேஷ் தலையைத் தூக்கினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை அவர் உரக்கச் சொல்லி அவள் கேட்டதில்லை. பழைய பெட்டியில் ஒரு போட்டோவாக மட்டும் தெரியும்.

"அடிஸ்ல, ராணுவ ஆட்சி நடந்தப்ப, எங்க தெருவுக்கு வார்டுக் கெபெலே ஆபீஸ்காரன் வந்தான். பயப்படாதீங்க, பேரை மட்டுந்தான் எழுதிக்கப் போறோம்னான். எங்கம்மா காபி வறுத்து, இடிச்சு, போட்டுக் கொடுத்தா. மூணாவது கப்பு வரைக்கும் உக்காந்து குடிச்சான். நல்லா இருக்கும்மான்னு கும்பிட்டுட்டுப் போனான். அடுத்த வாரம் ஜீப்பு வந்துச்சு. அண்ணனைக் கூட்டிட்டுப் போச்சு. திரும்பி வரலை."

எங்களில் யார் வீட்டில்தான் ஜீப் வரவில்லை?

"அதனால சொல்றேன். நல்லவங்க கேட்டாலும் சரி, கெட்டவங்க கேட்டாலும் சரி, எங்க பேரை லிஸ்ட் போடாதீங்க. என் பேரு என்னோடது. என் முகம் என்னோடது. அதை யார் கையிலயும் கொடுக்க மாட்டேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதே அவர் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். ஜனங்கள் அதை அழுகை என்று நினைத்தார்கள். கை தட்டினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். மெக்லித் எழுந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினாள்.

ஸெவ்து மெல்ல எழுந்து மேடைக்கு வந்தார். சங்கத்துக்காக அரை மணி நேரம் பேசத் தயாராக வந்த மனிதர். மைக்கை வாங்கினார்.

"தமிரு என் கூடப் படிச்சவன்" என்றார். "அவனைப் பிடிச்சுட்டுப் போய், கூட இருந்தவன் பேரைச் சொல்லுன்னு அடிச்சாங்க. கூட இருந்தவன் நான்தான். அவன் சொல்லலை. அதனாலதான் நான் இங்க நிக்கிறேன். அவன் பேரைக் கேட்டதுக்கப்புறம் எனக்கு அந்த லிஸ்ட் வேணாம். நாளைக்கே கமிட்டியில இருந்து வெலகிக்கறேன். நம்ம ஆளுங்க யாரும் சங்கத்துக்கோ கம்பெனிக்கோ கையெழுத்துப் போட வேணாம்."

மைக்கை வைத்துவிட்டு இறங்கிப் போனார். அவ்வளவுதான். இரண்டு வருஷம் விமான நிலைய வண்டி நிறுத்தத்தில் மழையில் நின்று, கார் காராகக் கதவைத் தட்டிச் சேர்த்த சங்கம் அது.

அக்லிலு ஜெயித்துவிட்டார். ஜெயித்தவருக்குக் காதெல்லாம் சூடாகி, எங்கேயாவது போய் ஒளிந்துகொண்டால் போதும் என்று இருந்தது.

* * *

ஒளிந்துகொள்ளக் கிடைத்த இடம் சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்த நடை. அங்கே சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கியபோது பின்கதவு திறந்தது. பெரெகெத் ஓடி வந்தான். தலையெல்லாம் தூறல்.

"அத்தான்! நல்லவேளை இங்கேயே இருக்கீங்க. மூஞ்சி கேக்குது."

"இப்பவாடா? இங்கயா?"

"நான் என்ன பண்ணட்டும்? ஏர்போர்ட்ல என் முறை வர்ற நேரம், கேட்டுடுச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல பூட்டிடும். கண்ணாடி போடலை, நல்லதாப் போச்சு. நேராப் பாருங்க."

அக்லிலு பார்த்தார். பழகிப்போன வேலை. பெரெகெத் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தான். திரையில் ஒரு வட்டம் வந்தது.

"இடப்பக்கம் திரும்புங்க. ம். இப்ப வலப்பக்கம். கொஞ்சம் சிரிச்ச மாதிரி வைங்க அத்தான், செத்த வீட்டு மூஞ்சியா இருக்கு."

வலப்பக்கம் திரும்பினார். அங்கே ஸெவ்து நின்றுகொண்டிருந்தார்.

கையில் தட்டு. மற்றக் கையில், இன்ஜெரா அப்பத்தைக் கிழித்துக் குழம்பில் தோய்த்து, நல்ல கறித்துண்டாகப் பார்த்து வைத்து உருட்டிய பெரிய கவளம். குர்ஷா. மனசு நிறைந்தால் அடுத்தவர் வாயில் ஊட்டுவோமே, அது. கண் இரண்டும் சிவந்திருந்தன. தமிருவின் தம்பிக்கு ஊட்டிவிட வந்திருக்கிறார்.

போன் டிங் என்று சத்தம் போட்டது. முகம் பொருந்திவிட்டதாம்.

ஸெவ்து போனைப் பார்த்தார். பெரெகெத்தின் கழுத்தில் தொங்கிய வண்டிச் சாவியைப் பார்த்தார். அவரும் டிரைவர்தானே, யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெரெகெத் போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான், திருடித் தின்ற குழந்தை மாதிரி.

"அண்ணே..." என்றார் அக்லிலு.

நீட்டிய குர்ஷாவைத் திரும்ப எடுப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. ஸெவ்து இரண்டு அடி முன்னால் வந்து, அதை அக்லிலுவின் வாயில் வைத்தார். விரலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்லிலு மென்றார். வாய் நிறைய இருந்தது, விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியாது. கண்ணில் இருந்து நீர் வழிந்து தாடியில் இறங்கியது. ஐம்பது வயசுக்கு மேல் ஒரு மனிதன், மைத்துனன் எதிரில், வாயில் கவளத்தோடு நின்று அழுதார்.

"அத்தான்" என்றான் பெரெகெத் மெதுவாக. "உள்ள என்ன நடந்துச்சு?"

* * *

வீட்டுக்கு வந்ததும் திருநேஷ்தான் தம்பிக்கு நடந்ததைச் சொன்னாள். அடுப்பில் காபிக்கொட்டையை வறுத்துக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். மெக்லித் மாடியில் தன் அறையில் இருந்தாள்.

"வெலகிட்டாரா?" பெரெகெத் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "அக்கா, சங்கம் வந்தா மொதல்ல என் கேஸைத்தான் எடுப்பேன்னு சொல்லியிருந்தாரு. குடிச்சேன்னு பொய் சொன்னவனைக் கூப்பிட்டுக் கேக்க வைப்பேன்னாரு. உன் பேர்லயே திரும்ப ஓட்டலாம்டான்னு..."

"எப்படா சொன்னாரு?"

"போன மாசமே. அத்தானுக்குப் பயந்து நான் சொல்லலை."

அக்லிலு சோபாவில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரைக் காப்பாற்றுவதாக நினைத்து மேடை ஏறினாரோ, அவன் வழியைத்தான் அடைத்துவிட்டு இறங்கியிருக்கிறார்.

"எல்லாம் என்னாலதான். நான்தானே ஆரம்பிச்சு வெச்சேன்" என்றாள் திருநேஷ்.

"அக்கவுண்டைக் கேட்டது நீ. தமிருவை மேடையில ஏத்தச் சொன்னது யாரு? நான்தானே ஏத்தினேன்."

வாசல் மணி அடித்தது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காபி வேளையில் அந்த மணியை அடிப்பவர் ஒருவர்தான்.

"வர மாட்டாருன்னு நினைச்சேன்" என்றாள் திருநேஷ், கதவைத் திறக்கப் போனபடி.

வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். திருநேஷ் சாம்பிராணி போட்டாள். ஜெபெனா என்கிற மண் கூஜாவில் இருந்து, மூன்று சுற்றில் முதலாவதை ஊற்றினாள்.

"காபி நல்லா இருக்கும்மா" என்றார் ஸெவ்து. அவ்வளவுதான் முதல் சுற்றுக்கு.

மெக்லித் இறங்கி வந்து, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "பெரியப்பா, உங்களுக்குத் தமிரு பெரியப்பாவை அவ்வளவு நல்லாத் தெரியுமா? எங்கிட்ட ஏன் சொல்லவே இல்லை? அப்பா பேசினப்ப எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு."

"உங்கப்பன் நல்லாப் பேசினான்டா கண்ணு" என்றார் ஸெவ்து, அவள் தலையைத் தடவி. "அப்பனும் நானும் கொஞ்சம் பேசணும். நீ மாடிக்குப் போறியா?"

அவள் முகம் சுருங்கி எழுந்து போனாள். இரண்டாவது சுற்று வந்தது. ஸெவ்து கப்பைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அக்லிலுவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"முதுகு போச்சு, பையனுக்கு வேலை போச்சு, மூஞ்சியை இரவல் கொடுத்தே. எங்கிட்ட சொல்லியிருந்தா நானே மறைச்சிருப்பேன். லிஸ்ட் வந்தா உன் பேரைப் பார்த்துட்டு, பார்க்காத மாதிரி புரட்டியிருப்பேன். ஏர்போர்ட்ல பாதிப் பேர் அப்படித்தான்டா ஓட்டறான். அதுக்கு ஒரு வழி பண்ணணும்னுதானே சங்கமே?"

"அண்ணே, வெக்கமா இருந்துச்சு..."

"இரு. நான் முடிச்சுடறேன்." ஸெவ்து கப்பைக் கீழே வைத்தார். "அவன் என் பேரைக் காப்பாத்தச் செத்தான். நீ அவன் பேரை எடுத்து உன் பொய்யைக் காப்பாத்திக்கிட்டே. நாப்பது வருஷமா அந்தப் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொன்னா தூக்கம் வராது. இன்னிக்கு நீ சொன்னப்ப, ஆகா, இவனும் நம்மள மாதிரிதான் சுமந்துக்கிட்டு இருந்திருக்கான்னு, குர்ஷா உருட்டி எடுத்துக்கிட்டு வந்தேன்டா."

அவர் எழுந்தார். திருநேஷ் பதறி ஜெபெனாவைத் தூக்கினாள்.

"அண்ணே, மூணாவது சுத்து, ஆசீர்வாதச் சுத்து! மூணாவது குடிக்காம போகக் கூடாதுண்ணே!"

"தெரியும்மா" என்றார். போய்விட்டார்.

அந்த வீட்டில் மூன்றாவது கப் குடிக்காமல் யாரும் எழுந்து போனதில்லை. திருநேஷ் மூன்றாவது கப்பை ஊற்றிக் கணவனிடம் நீட்டினாள்.

"கொண்டு போய்க் கொடுங்க. வாங்க மாட்டாரு. ஆனாலும் கொடுங்க."

அக்லிலு ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கப்போடு படி இறங்கினார். தெருவில் தூறல். ஸெவ்துவின் கார் இன்னும் கிளம்பவில்லை. ஸ்டியரிங்கில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தார். அக்லிலு ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். தட்டவில்லை. தட்டுகிற தைரியம் இல்லை.

கண்ணாடி பாதி இறங்கியது.

"மழையில எதுக்குடா நிக்கிறே? முதுகு என்ன ஆகும்?"

"அண்ணே, இதை மட்டும்..."

"உள்ள கொண்டு போ. நாளைக்கு நான் கோர்ட்டுக்கு வர்றேன். கடைசி வரிசையில உக்காந்திருப்பேன். நீ சத்தியம் பண்ணிட்டு என்ன சொல்றேன்னு கேட்டுட்டு, அப்புறம் சொல்றேன், உன் வீட்டுல இனிமே காபி குடிக்கலாமா வேணாமான்னு."

கார் போய்விட்டது. கோர்ட்டில் உண்மையைச் சொன்னால் தன் கணக்கும் போகும், பெரெகெத்துக்கு ஆயுசுக்கும் கதவு மூடிவிடும், அடுப்பும் அணையும். சொல்லாவிட்டால் போவது என்னவென்று கையில் இருந்த கப்பே சொன்னது. காபியில் மழைத்துளிகள் விழுந்துகொண்டிருந்தன.

"அப்பா!" மெக்லித் குடையோடு ஓடி வந்தாள். கப்பை வாங்கிப் பார்த்தாள். "ஆறிப்போச்சே. பெரியப்பா ஏன்பா பாதியில போயிட்டாரு? சரி, உள்ள வாங்க. தமிரு பெரியப்பா கதையை மொதல்ல இருந்து சொல்லுங்க. எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கணும் எனக்கு."

அக்லிலு மகளைப் பார்த்தார். பையில் இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். இப்போது அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. காலையில் எழுந்து நின்று கை தட்டிய அதே முகம்.

"சொல்றேன்மா" என்றார். "ஆனா அதுக்கு முன்னாடி என் கதை ஒண்ணு இருக்கு. அதைக் கேட்டுட்டு, அண்ணன் கதையை நான் சொல்லலாமான்னு நீயே சொல்லு."